மிலாறுக் கட்டும் ஒரு சட்டிச் சாம்பலும்

"என்னம்மா, உரத்தைத் திருடிட்டுப் போறீங்களா?"

கோத்தகிரி பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட். அம்மாவைப் பார்த்து சூப்பர்வைசர் கேட்ட கேள்வி இது. அப்போது நான் ஏழாம் வகுப்பு. அம்மாவின் தலையில் ஒரு மிலாறுக் கட்டு, என் தலையில் அதில் பாதி. தேயிலைச் செடியை நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவார்கள். அப்போது விழும் கிளைகளுக்குத்தான் எங்கள் லைன் வீடுகளில் மிலாறு என்று பெயர். காய்ந்துவிட்டால் நன்றாக நின்று எரியும். எங்கள் அடுப்புக்கு அதுதான் விறகு.

"குச்சி எப்படி சார் உரமாகும்?" என்று கேட்டார் அம்மா.

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது. இறக்கி வெச்சிட்டுப் போங்க."

இறக்கி வைத்தோம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். வீடு வரும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரி, பக்கத்து வீட்டு அக்காவிடம் விறகு கடன் வாங்கித்தான் சோறு ஆக்கினோம்.

அந்தக் கோபம் எனக்குப் பல வருஷம் இருந்தது. போன மாதம், 'இயற்கையில் ஆற்றல் எப்படிப் போகிறது, சத்துகள் எப்படிச் சுழல்கின்றன' என்று எளிமையாக எழுதித் தரச் சொன்னார் எங்கள் எடிட்டர். பள்ளியில் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன பாடம். மறுபடி படிக்க உட்கார்ந்தால், அந்த மிலாறுக் கட்டு கண் முன்னால் வந்து நின்றது.

விஷயம் இதுதான். வெயிலில் வரும் ஆற்றலில் நூறில் ஒரு பங்கைக்கூடச் செடிகள் பெரும்பாலும் பிடித்துவைப்பதில்லை. அந்தக் கொஞ்சத்தில்தான் உலகமே சாப்பிடுகிறது. புல்லைக் காட்டெருமை மேய்கிறது. மேய்ந்ததில் பெரும்பகுதி அதன் நடைக்கும் மூச்சுக்கும் உடம்புச் சூட்டுக்கும் செலவாகிவிடும். ஒரு சின்னப் பங்குதான் சதையாகத் தங்கும். அதை அடிக்கும் புலிக்கும் இதே கணக்குதான். அதனால்தான் நீலகிரியில் புல்வெளி பரந்து கிடக்கிறது, காட்டெருமைகள் கூட்டமாகத் தெரிகின்றன, புலியைப் பார்ப்பது மட்டும் அபூர்வம்.

இந்தக் கணக்குக்கு முதலில் வடிவம் கொடுத்தவர் ரேமண்ட் லிண்டிமன் என்ற அமெரிக்க இளைஞர். மின்னசோட்டாவில் ஒரு சின்ன ஏரியைப் பல வருஷம் ஆராய்ந்தார். அவர் எழுதிய கட்டுரையை முதலில் நிராகரித்தார்கள். கடைசியில் 1942-ல் அது அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. இறக்கும்போது வயது 26. கிட்டத்தட்ட என் வயது.

ஆற்றல் ஒருவழிப் பாதை. சூடாகிப் போனால் போனதுதான், திரும்பாது. நல்லவேளையாக, தினமும் காலையில் சூரியன் புதிதாக அனுப்பிவைக்கிறது.

சத்துகளின் கதை வேறு. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் சூரியனிலிருந்து வருவதில்லை. இருப்பதைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். இதைப் புரிந்துகொள்ள, கோத்தகிரியில் இருக்கும் லாங்வுட் சோலைக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். காலடியில் மெத்தை மாதிரி இலைச் சருகு. கொஞ்சம் விலக்கினால் பாதி மக்கிய இலை, வெள்ளை நூல் போலப் பூஞ்சை, மண்புழு. அதற்கும் கீழே கறுப்பு மண். இலை விழுகிறது, மக்குகிறது, வேர் அதை மறுபடி எடுத்துக்கொள்கிறது. அந்தச் சோலைக்கு யாரும் ஒரு மூட்டை யூரியா போட்டதில்லை.

தேயிலைத் தோட்டம் அப்படி இல்லை. அங்கே துளிர்க்கும் இலையே விற்பனைக்குத்தான். 1 கிலோ டீத்தூளுக்கு 4 முதல் 5 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். 100 கிலோ டீத்தூளில் சுமார் 4 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. அதாவது, 100 கிலோ டீத்தூள் மலை இறங்கும்போது, கிட்டத்தட்ட 9 கிலோ யூரியாவில் இருக்கும் சத்தும் கூடவே இறங்குகிறது. அதை ஈடுகட்டத்தான் கீழேயிருந்து உர மூட்டைகள் லாரியில் ஏறி வருகின்றன.

கொழுந்தைத்தான் கொடுத்துவிட்டோம். செடி நாலைந்து வருஷமாகச் சேர்த்துவைத்த மிச்சம், கவாத்தில் விழும் கிளையிலும் முற்றிய இலையிலும் இருக்கிறது. அதைச் செடியின் தூரிலேயே பரப்பிவிட்டால், மெல்ல மக்கி மண்ணுக்கே திரும்பிவிடும். மழையில் மண் அரித்துப் போவதையும் தடுக்கும். சோலை தானாகச் செய்வதைத் தோட்டத்தில் செய்ய இருக்கும் பெரிய வாய்ப்பு அதுதான்.

ஆக, குச்சி உரம்தான். சூப்பர்வைசர் சொன்னது சரி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ரெண்டு நாள் ஆனது.

ஆனால், அவர் சொல்லாமல் விட்டதும் ஒன்று இருக்கிறது. எங்களுக்கும் ஆற்றல் வேண்டுமே? சோலைக்குள் போய் விறகு வெட்டினால் வனத்துறை பிடிக்கும். கேஸ் சிலிண்டர் அன்றைக்கு எங்களுக்கு எட்டாத விலை. அதே எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலை உலர்த்த, லாரி லாரியாகக் கற்பூர மர விறகு வந்து இறங்கும். இலை காய நெருப்பு இருந்தது. இலை பறித்தவரின் சோறு வேக இல்லை. 'மிலாறை எடுக்காதீங்க' என்றவர்கள், அதற்குப் பதிலாக எதை எரிப்பது என்று எங்களிடம் சொல்லவில்லை.

எங்கள் அம்மாயி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி வந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. அடுப்புச் சாம்பலை ஒரு பிடிகூட வீணாக்க மாட்டார். பாத்திரம் தேய்த்ததுபோக, மீதியை ஒரு சட்டியில் சேர்த்து வைப்பார். வீட்டுக்குப் பின்னால் இருந்த மேரக்காய்க் கொடிக்கும் பீன்ஸ் பாத்திக்கும் தூவுவார். "சூடு போனாப் போகுது, சாம்பலு நம்மளோடது" என்பார். விறகு எரியும்போது அதிலிருக்கும் நைட்ரஜன் பெரும்பாலும் புகையோடு போய்விடும். பொட்டாசியமும் கால்சியமும் சாம்பலில் தங்கும். நான் பக்கம் பக்கமாகப் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரு சட்டியில் வைத்திருந்தார்.

இப்போது நான் சென்னையில் வாடகை அறையில் இருக்கிறேன். தினமும் ரெண்டு வேளை டீ. வடிகட்டிய சக்கையைக் குப்பைக் கவரில் போடுவேன். அந்தக் கவர் கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போகும். அம்மா மாதிரி யாரோ ஒருவர் குளிரில் பறித்த கொழுந்தின் சத்தில் ஒரு பகுதி அந்தச் சக்கையில் இருக்கிறது. மலைக்கும் திரும்பாமல், வேறு மண்ணுக்கும் போகாமல், குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கோடு கிடக்கிறது. பாலும் சர்க்கரையும் போக அலசி, ஒரு பூந்தொட்டியில் போட ரெண்டு நிமிஷம் ஆகுமா? நான் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்போ, அந்த சார் சொன்னது நிசந்தானா?"

"நிஜம்தாம்மா."

"சரி. அதை அன்னைக்கே எனக்குப் புரியுற மாதிரி சொல்லியிருக்கலாம்ல? நான் பாதியை விட்டுட்டு வந்திருப்பேன். மீதிப் பாதி எனக்கு வேணும். சோறு ஆக்கணும்ல?"

என்னிடம் பதில் இல்லை. அம்மாவே பேச்சை மாற்றினார். இப்போது வீட்டில் கேஸ் அடுப்புதான், அதனால் சாம்பல் கிடையாது. மேரக்காய்க் கொடிக்குக் காய்கறித் தோலும் டீச்சக்கையும்தான் போடுகிறாராம். இந்த வருஷம் நல்ல காய்ப்பாம்.

"தீபாவளிக்கு வர்றப்ப பெரிய பையா எடுத்துட்டு வா, காய் தர்றேன்" என்றார். போனை வைக்கப் போகும்போது சொன்னார்: "வெறும் பையோட வராத. அங்க குடிச்ச டீச்சக்கையைக் காயவெச்சு எடுத்துட்டு வா. நம்ம ஊரு சரக்குத்தானே!"