மஞ்சள் மாத்திரை கொடுக்கும் முன்

"சத்து மாத்திரை ஒரு அட்டை குடுங்க", "ரத்தம் ஊற அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை இருக்குமே, அது." மருந்துக்கடைக்கு வருபவர்கள் ஃபோலிக் அமிலத்தை இப்படித்தான் கேட்கிறார்கள். விலை மலிவு, வயிற்றைப் புரட்டாது, கசக்காது. கர்ப்பிணிக்கும் தரலாம், வயதானவருக்கும் தரலாம். நீரில் கரையும் வைட்டமின் என்பதால் மிஞ்சுவதில் பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும். இதனால் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மருந்தாளுநராக நான் அதிகம் கேள்வி கேட்டுக் கொடுக்கும் மாத்திரைகளில் இதுவும் ஒன்று. காரணத்தைச் சொல்கிறேன்.

ஃபோலேட் குறைந்தால் எலும்பு மஜ்ஜையில் செல்கள் பிரிவதற்கு வேண்டிய டிஎன்ஏ சரியாக உருவாகாது. செல் பெருத்துக்கொண்டே போகும், பிரியாது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எம்சிவி என்ற வரி 100-ஐத் தாண்டி நிற்கும். சிவப்பணுக்கள் அளவில் பெருத்திருக்கின்றன என்று பொருள். நாக்கு சிவந்து வழவழப்பாகும், படியேறினால் மூச்சு வாங்கும். வைட்டமின் பி12 குறைந்தாலும் ரத்தத்தில் இதே மாற்றம்தான். நுண்ணோக்கியில் பார்த்தாலும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. கூடவே இரும்புச்சத்தும் குறைந்திருந்தால், எம்சிவி வழக்கமான அளவிலேயே நின்று பார்ப்பவரை ஏமாற்றும்.

இந்தக் குழப்பத்தை அவிழ்க்கும் முதல் நூல் பம்பாயில் கிடைத்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-இல் அங்கே வந்து, பஞ்சாலைப் பெண் தொழிலாளர்களிடம் கர்ப்ப காலத்தில் வந்த கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்டிலிருந்து எடுத்த மார்மைட் என்ற மலிவான உணவுச் சாறு அவர்களைத் தேற்றியது. 1931-இல் அதை வெளியிட்டார். அந்நாளில் பெர்னீஷியஸ் அனீமியா என்ற ரத்தசோகையைக் குணப்படுத்திய, நன்கு சுத்திகரித்த ஈரல் சாறு இந்தப் பெண்களுக்குப் பலன் தரவில்லை என்பதையும் அவர் கண்டார். அப்படியானால் ரத்தத்தில் ஒன்றுபோலத் தெரியும் இந்த நோய்க்குக் காரணம் ஒன்றல்ல, இரண்டு. ஈரல் சாற்றில் இருந்தது பி12, ஈஸ்டில் இருந்தது ஃபோலேட் என்று பின்னால் தெரியவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவின் தலைமையில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகக் குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. நம் கையில் இருக்கும் மாத்திரை அங்கிருந்து வந்தது.

புது மருந்தை பி12 குறைந்தவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் தேறியது, ஹீமோகுளோபின் ஏறியது. ஆனால் சிலருக்குக் கால் மரத்தது, நடை தள்ளாடியது, தண்டுவடம் கெட்டது. மஜ்ஜையில் பி12 செய்ய வேண்டிய வேலையை அதிக அளவு ஃபோலிக் அமிலத்தால் ஓரளவு ஈடுகட்ட முடியும். நரம்பின் உறையைக் காக்கும் வேலையை ஈடுகட்ட முடியாது. எரிகிற வீட்டில் புகை மணியை மட்டும் நிறுத்திவிட்டுப் போவது போல, ரத்தசோகை என்ற எச்சரிக்கை அடங்கிவிடும், நரம்பில் சேதம் தொடரும். மருத்துவர் யோசனையின்றி நாளுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று பெரியவர்களுக்கு வரம்பு வைத்ததற்கு இந்தப் பயமே முக்கியக் காரணம். நம் கடைகளில் சாதாரணமாகப் புழங்குவதோ 5 மில்லிகிராம் மாத்திரை.

ஆகவே மாத்திரையை எடுக்கும் முன் கேட்கிறேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா, எத்தனை வருடமாக? வாயுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் தினமும் மாத்திரை போடுகிறீர்களா? வயிற்றில் ஆபரேஷன் நடந்திருக்கிறதா? பால், தயிர், முட்டை, மீன் எதுவும் சேர்ப்பதில்லையா? இவர்கள் எல்லோருக்கும் பி12 குறைய வாய்ப்பு உண்டு. அடுத்து காலைப் பற்றிக் கேட்பேன். "மரத்துப் போகுதா?" என்றால் பலர் இல்லை என்பார்கள். "செருப்பு கழண்டு விழுந்தா தெரியுதா? பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கா?" என்று கேட்டால்தான் யோசித்துவிட்டு, "ஆமா சார், கொஞ்ச நாளா அப்படித்தான்" என்பார்கள். அப்படிச் சொன்னவருக்கு மஞ்சள் மாத்திரையைத் தருவதில்லை. முதலில் பி12 பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் அனுப்புகிறேன். மாத்திரை தொடங்கும் முன்பே ரத்தம் எடுப்பது நல்லது, பிறகு எடுத்தால் படம் கலங்கிவிடும்.

ஃபோலேட் குறைவுதான் என்று உறுதியானால் வழக்கமான அளவு நாளுக்கு 5 மில்லிகிராம், பெரும்பாலும் 4 மாதம். ஒரு வாரத்திலேயே மஜ்ஜை புதுச் செல்களை அனுப்பத் தொடங்கிவிடும், உடம்பும் தெம்பாகும். அந்தத் தெம்பை நம்பி முதல் மாதத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். பழைய செல்கள் அத்தனையும் மாறி, கையிருப்பும் நிரம்ப அவ்வளவு காலம் வேண்டும் என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். ஏன் குறைந்தது என்பதையும் தேட வேண்டும். மது, நாள்பட்ட குடல் நோய், தலசீமியா போன்ற ரத்த நோய், கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டும் சமையல் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

எனக்கு மிகுந்த கவலை தருவது வேறொரு அட்டை. முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் ஃபோலேட்டின் வேலையைத் தடுக்கும் மருந்து. அதன் பக்கவிளைவைத் தணிக்க ஃபோலிக் அமிலத்தையும் எழுதுவார்கள். இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரையாக வருவது உண்டு, வணிகப் பெயர்களும் 'ஃபோ' என்றே தொடங்கக்கூடும். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே. மாற்றிப்போட்டு தினமும் சாப்பிட்டால் வாய் புண்ணாகி, வெள்ளணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

ஒரு அம்மா இரண்டு அட்டையையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்தார். "இதுல எதை எந்தக் கிழமை சாப்பிடணும்மா?" என்றேன். "ரெண்டும் ஒண்ணு போலத்தானே இருக்கு தம்பி. டாக்டர் ஞாயித்துக்கிழமைன்னு ஏதோ சொன்னாரு" என்றார். சீட்டைப் பார்த்து, மெத்தோட்ரெக்சேட் அட்டையின் பின்புறம் பட்டையான பேனாவில் 'ஞாயிறு மட்டும்' என்றும், மற்றதில் 'வியாழன்' என்றும் எழுதினேன். வெவ்வேறு நிறக் கவரில் போட்டு, மகளுக்குப் போன் செய்து அவரிடமும் சொன்னேன். தவறி அதிகம் சாப்பிட்டுவிட்டால், கூட இரண்டு மஞ்சள் மாத்திரை போட்டுச் சரிக்கட்ட முடியாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அங்கே தருவது ஃபோலினிக் அமிலம் என்ற வேறு மருந்து.

வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுபவர்களும் தாமாக இதை வாங்கிப் போடக்கூடாது. ஃபெனிடாயின் உடலின் ஃபோலேட்டைக் குறைக்கும். அதை நிரப்ப ஃபோலிக் அமிலம் சேர்த்தால் ரத்தத்தில் ஃபெனிடாயின் அளவு இறங்கி வலிப்பு திரும்பலாம். இரண்டையும் பார்த்து அளவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

இத்தனை எச்சரிக்கையும் கேட்டு, கர்ப்பமாக விரும்பும் பெண்கள் பயந்துவிடக் கூடாது. அவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும். கரு உருவாகி 28 நாளுக்குள் அதன் நரம்புக் குழாய் மூடிவிடும், பலருக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் தெரியும். அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே நாளுக்கு 400 மைக்ரோகிராம் தொடங்கி, மூன்றாம் மாதம் முடியும்வரை எடுக்க வேண்டும். முந்தைய குழந்தைக்கு நரம்புக் குழாய்க் குறை இருந்த பெண்களிடம் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய சோதனையில், 4 மில்லிகிராம் மாத்திரை அந்தக் குறை மீண்டும் வருவதை 72 சதவீதம் குறைத்தது. அது 1991-இல் வெளியானது. அத்தகைய பெண்களுக்கும், வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் மருத்துவர் கூடுதல் அளவு எழுதுவார். நான்காம் மாதம் முதல் அரசு தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. அதை வாங்கி வைத்துவிட்டு, கடைக்கு வந்து இன்னொரு அட்டை கேட்பவர்களிடம் இதைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.

மாத்திரை வாங்க வரும்போது வீட்டில் சாப்பிடும் அத்தனை அட்டைகளையும், கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கொண்டுவாருங்கள். நரம்பு மாத்திரை, பி காம்ப்ளெக்ஸ், சத்து மாவு எல்லாவற்றிலும் ஃபோலிக் அமிலம் இருக்கலாம், கூட்டிப் பார்த்தால்தான் மொத்தம் தெரியும். ஹீமோகுளோபின் ஏறியதும் சிகிச்சை முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். எதனால் இறங்கியது என்று தெரிந்து, பி12 போதுமான அளவில் இருப்பதும் உறுதியான பிறகுதான் முடிகிறது. கேட்டுக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். கெட்டுப்போன தண்டுவடத்தை முழுசாக மீட்க எந்த மாத்திரையாலும் முடியாமல் போகலாம்.