பிரிந்த சகோதரிகள்

இங்கிலாந்தில் எங்கள் இல்லத்துக் கண்ணாடித் தொட்டியில் ஜெர்பில் என்னும் சிற்றெலிகள் இரண்டு வளர்ந்து வந்தன. ஒரே ஈற்றில் பிறந்த பெட்டைகள். மங்கோலியப் புல்வெளியும் வறண்ட நிலமும் இவ்வினத்தின் தாயகம். 1867-ஆம் ஆண்டில் பாரிசில் இதற்கு அறிவியற்பெயர் சூட்டப்பட்டது. வட சீனத்திலிருந்து இதனை அங்கு அனுப்பி வைத்தவர் அருட்தந்தை அர்மான் டேவிட் என்னும் மறைபரப்புநர். இச்செய்தியை அறிந்தபோது, எலிகளைக் கேட்டு வாங்கிய மகளைக் காட்டிலும் நாங்களே அதிகம் மகிழ்ந்தோம்.

மரச்சீவலில் சுரங்கம் தோண்டுவதும், ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படுத்துறங்குவதுமாக அவை ஓராண்டு வாழ்ந்தன. பின்பு ஒன்றுக்கு மூச்சிரைப்பு கண்டது. மருந்து தந்து நான்கு நாள் தனிப்பெட்டியில் வைத்தோம். அந்த இடைவேளையில் தொட்டியைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, புதுச்சீவல் பரப்பினோம். நல்லதே செய்தோம் என்றுதான் எண்ணினோம்.

குணமானதை உள்ளே விட்ட கணத்தில் இரண்டும் உரோமம் சிலிர்த்து நின்றன. மறுகணம் ஒரே பந்தாய்ச் சுருண்டு உருண்டன. தடித்த கையுறையோடு பிரித்தபோது சீவலில் இரத்தம்.

பிறகே படித்தறிந்தோம். இவ்வுயிர்கள் உறவை அறிவது மணத்தால். வயிற்றிலுள்ள சுரப்பியால் தம் இடத்தையும் அடையாளமிடுகின்றன. ஓரிரு நாள் பிரிவே உறவு மணத்தை மறக்கச் செய்துவிடக் கூடும். நாங்களோ பிரித்தும் வைத்தோம், வீட்டையும் கழுவிவிட்டோம். (யார் கழுவச் சொன்னது என்பது குறித்து எங்கள் இருவரிடையே நடந்த வாக்குவாதத்தை இங்கு எழுதுவதற்கில்லை.)

தொட்டியின் நடுவே நுண்ணிய கம்பிவலை நிறுத்தினோம். ஒன்றின் கூட்டில் மற்றொன்று உறங்கி அதன் மணத்தை ஏற்கும்படி, நாள்தோறும் இருமுறை இடம் மாற்றினோம். முதல் நாள்களில் இரண்டும் வலையைக் கடித்தன. பத்தாம் நாள் வலைக்கு இருபுறமும் முதுகோடு முதுகு சாய்த்து உறங்கின. மகள் எங்களை எழுப்பி அழைத்துச் சென்று காட்டினாள். பன்னிரண்டாம் நாள், இரண்டுக்கும் உரிமையில்லாத ஒரு புதிய பெட்டியில் சேர்த்தோம். ஒன்று தலை தாழ்த்த, மற்றது அதன் கழுத்தை நக்கிவிட்டது. அன்றிரவும் மறுநாளிரவும் நாங்கள் முறைவைத்து விழித்திருந்தோம்.

மூன்றாம் வாரத்தில் துரத்தல் மீண்டும் தொடங்கியது. நோயுற்றிருந்ததை மற்றது தீனிக்கிண்ணத்தை நெருங்க விடவில்லை; வாலடியில் காயம்.

"அக்கா தங்கச்சி தானே அப்பா? இன்னொரு தடவை வலை வைத்துப் பார்க்கலாம்," என்றாள் மகள். எங்களுக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அடுத்த முறை பிரிக்கக் கை எட்டும் தொலைவில் நாங்கள் இருப்போமென்பதற்கு உறுதி ஏது? இரண்டாவது தொட்டி வாங்கினோம். வாங்கி வந்த அன்று அவள் எங்களோடு பேசவில்லை.

இப்போது ஒன்று கூடத்திலும் மற்றது மாடிப்படியருகிலும் இருக்கின்றன. இரவில் ஒன்று பின்காலால் தரையைத் தட்டினால், மற்றது அட்டையைக் கடிப்பதை நிறுத்திவிட்டுச் செவி சாய்க்கிறது.