பேர் சொல்லாத அறிவிப்பு

அன்புள்ள மீனா,

ஏழாம் வகுப்புக்கு எந்த நாவல் வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். லோயிஸ் லோரியின் ‘தி கிவர்’ வை. 1993-ல் வந்தது, அடுத்த ஆண்டே நியூபெரி பதக்கம் வாங்கியது. பிள்ளைகள் ‘ஹங்கர் கேம்ஸ்’தான் கேட்பார்கள். அதில் கொடுமை ஆரம்பத்திலேயே கொடுமையாகத் தெரிந்துவிடும், யோசிக்க வேலையில்லை.

கதையின் கரு தனித்துவம் என்று முதல் நாளே போர்டில் எழுதிவிடாதே. பரீட்சைக்கு வரும் கேள்வி என்று குறித்துக்கொண்டு, வகுப்பே ஒரே மாதிரி விடை எழுதிவைக்கும்! முதலில் கதை நடக்கும் ஊர் அவர்களுக்குப் பிடிக்கட்டும். பசி இல்லை, போர் இல்லை. பன்னிரண்டு வயதில் உனக்கு இன்ன வேலை என்று பெரியவர்களே சொல்லிவிடுகிறார்கள். நுழைவுத் தேர்வுக்கு அலைகிற நம் பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கேயே குடியேறக் கேட்பார்கள். மறுத்துப் பேசாதே.

பிறகு சின்ன விஷயங்களில் நிறுத்து. நான்கு முதல் ஆறு வயது வரை மேல்சட்டைக்குப் பொத்தான் முதுகுப் பக்கம். இன்னொருவர் உதவாமல் போட முடியாது. ஏழு வயதில்தான் முன்பக்கம் வரும். சேர்ந்து வாழப் பழக்குகிற ஏற்பாடு. நல்லதா, கெட்டதா? எனக்கே தீர்மானமில்லை, அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

ஆப்பிள் வரும் இடத்துக்கு ஒரு பீரியட் முழுவதும் ஒதுக்கலாம். நண்பனோடு தூக்கிப்போட்டு விளையாடும்போது கதாநாயகன் ஜோனாஸுக்கு அது ஒரு கணம் வேறு மாதிரி தெரிகிறது. நிறமே இல்லாத ஊரில் சிவப்பை அவன் என்னவென்று சொல்வான்? பார்க்கலாம் என்று வீட்டுக்கு எடுத்துப்போகிறான். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருகிறது: விளையாட்டு இடத்துப் பொருளை வெளியே கொண்டுபோகக் கூடாது. பேர் சொல்லவில்லை, அதட்டவுமில்லை. யாருக்கு என்று அவனுக்குத் தெரியும். நம் பள்ளிப் பிரேயரிலும் ‘சிலர்’ என்று ஆரம்பிப்பார்களே! அந்தச் சிலரில் தாங்கள் இருந்த கதையைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார், கொட்டுவார்கள்.

தனித்துவம் என்றால் முடிக்குச் சாயம் அடிப்பது என்று நினைக்கிற வயது நம் பிள்ளைகளுக்கு. ஜோனாஸுக்கோ, ஊரில் ஒரு முதியவர் மட்டுமே சுமந்துவந்த நினைவுகள் வந்து சேர்கின்றன. போர்க்களமும் அதில் உண்டு. தோழர்கள் போர் விளையாட்டு ஆடும்போது அவன் மட்டும் அழுதுகொண்டு நிற்கிறான். சொன்னாலும் அவர்களுக்குப் புரியவில்லை. வேறாக இருப்பதில் இந்தத் தனிமையும் சேர்த்திதான் என்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

‘விடுவிப்பது’ என்று அந்த ஊரில் சொல்வது கொலையைத்தான் என்று தெரியவரும் அத்தியாயத்தை வீட்டில் படித்துவரச் சொல்லாதே. நீயே வகுப்பில் வாசி. அதைச் செய்பவர் ஜோனாஸின் அப்பா. குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே செய்கிறார். அமெரிக்காவிலேயே இந்தப் புத்தகத்துக்குப் பெற்றோர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததுண்டு. ஹெச்.எம்.மிடம் முன்கூட்டியே பேசிவை.

கடைசியில் ஜோனாஸ் பிழைத்தானா என்று சண்டை வரும். லோரி பின்னால் எழுதிய நாவல்களில் பதில் இருக்கிறது. நீ சொல்லிவிடாதே.

இதற்கெல்லாம் மார்க் எப்படிப் போடப்போகிறாய்? அதை யோசித்து எழுது.

அன்புடன்,
சித்தி