காலை நாலரை மணி மேளம்

உங்க வீட்டுக்குப் பக்கத்துல கல்யாண மண்டபம் இருக்கா? இல்லைன்னா நீங்க கொடுத்து வச்சவங்க. பட்டுக்கோட்டையில எங்க வீட்டுக் கொல்லைச் சுவரை ஒட்டியே ஒண்ணு இருக்கு. முன்னாடி அது தென்னந்தோப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் அதைச் சாய்த்துப் போட்டது. கரண்ட் இல்லாத அந்த ராத்திரிகளில், எங்கேயோ தண்ணீர்த் தொட்டி நிரப்ப ஓடும் வாடகை ஜெனரேட்டர் சத்தம் மட்டும்தான் கேட்கும். அப்புறம் தோப்பு கைமாறியது, மண்டபம் எழுந்தது.

போன முகூர்த்த நாளில் ஊரில் இருந்தேன். காலை நாலரைக்கு ஸ்பீக்கர் வழியாக மேளம். தங்கச்சி ப்ளஸ் டூ, காதில் பஞ்சோடு கணக்குப் போட்டுக்கிட்டிருந்தா. அப்பா, "வீட்டை வித்துட்டுப் போயிடலாமா?"ன்னு முதல் தடவையா கேட்டார். அவர் கட்டிய வீடு அது.

மாடியில் நின்று போன் ஆப்பில் கால் மணி நேரம் அளந்தேன். சராசரி 71 டெசிபல். போன் மைக் அளவுக்கருவி ஆகாது, தெரியும். ஆனா 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55, இரவுக்கு 45. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஆக, நாலரை மணி முகூர்த்தம் சட்டப்படி ராத்திரிக் கணக்கு! மூடிய மண்டபத்துக்குள்ளேயே கேட்கும்படி ராத்திரியில் ஸ்பீக்கர் வைக்க அனுமதி உண்டு. ஒலிபெருக்கி வைக்கும் பொது இடத்தின் எல்லையில் அந்தப் பகுதி வரம்பைவிட 10 கூடலாம், அதுவும் 75-ஐத் தாண்டாமல். அப்படிப் பார்த்தாலும் 55 தான்.

கட்டும்போதே யாரும் கேட்கலையா? நாம செமஸ்டருக்குப் படிக்கிற சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, 2006 அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டரில் தொடங்கும் கட்டடங்களுக்குத்தான். எங்க ஊர் மண்டபம் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. முறைப்படி செய்திருந்தால், அஸ்திவாரம் தோண்டும் முன்பே பகலும் இரவும் அளந்து, வரப்போகும் ஜெனரேட்டர், ஏசி, ஸ்பீக்கர், வண்டி எல்லாம் பக்கத்து வீட்டு ஜன்னலில் எவ்வளவு கேட்கும் என்று கணக்கிட்டிருப்பார்கள். "தோப்பு இருந்தவரைக்கும் சத்தத்தைத் தடுத்துச்சு"ன்னு அப்பா சொல்றார். இல்லை. வெறும் தண்டாக நிற்கும் நாலு வரிசைத் தென்னை சத்தத்தைப் பெரிசாத் தடுக்காது. அப்போ சத்தம் போட அங்கே யாருமில்லை, அவ்வளவுதான்.

இதில் அப்பாயி சொன்னதுதான் என் பாடப்புத்தகத்தில் இல்லாதது. "மேளம் நல்ல காரியத்துக்கு அடிக்கிறது, அதைக் குத்தம் சொல்லாதே. ராத்திரி ரெண்டு மணிக்கு அண்டாவை உருட்டுறானுவளே, அதுலதான் நெஞ்சு பதறுது." சமையல்கட்டு எங்க பக்கம். பாத்திரம் கழுவுவதும் அங்கேதான். சிமெண்டுத் தரையில் அண்டா விழும் ஒரு நொடி, ஒரு மணி நேரச் சராசரியில் கரைந்து போயிடும். அப்பாயி தூக்கம் மட்டும் திரும்பி வராது.

மண்டப மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷன்தான். "தம்பி, வராண்டாவுல இருக்கற நாலு பெட்டியில ரெண்டை அணைச்சிடறேன், பாதி சத்தம் போயிடும்." "அண்ணே, பாதி பெட்டி போனா 3 டெசிபல்தான் குறையும், காதுக்குப் பெரிசாத் தெரியாது"ன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 குறையும், நடுவில் சுவர் வந்தால் இன்னும் குறையும். அதனால் பெட்டிகளை உள்ளே மாற்றச் சொன்னேன். அரை மனசோட தலையாட்டினார்.

அடுத்த முகூர்த்தத்துக்குத் தங்கச்சியே அளந்து அனுப்பினா: 63. இன்னும் எட்டு இருக்கு. பாத்திரம் கழுவும் இடம் மாறலை. தண்ணிக் குழாய் அங்கேதான் இருக்காம். இப்போதைக்கு அண்டாவுக்கு அடியில் சாக்கு விரிக்கிறாங்க, ஞாபகம் இருக்கிற ராத்திரிகளில். அப்பா வீட்டை விற்கிற பேச்சை இன்னும் முழுசா விடலை.

எதிர் மனையில் புதுசா கல் நட்டிருக்காங்க. என்ன கட்டப் போறாங்கன்னு யாருக்கும் தெரியலை. போன வாரம் ராத்திரி 11 மணிக்கு அங்கே அரை மணி நேரம் நின்று அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதி வச்சிருக்கேன். 43.