வளையின் வாசலில் ஒரு முகம்



செண்பகனூரின் மூடுபனிக்குள் இருந்துகொண்டு கடல் மீனைப் பற்றி எழுதுவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் 1895-இல் இயேசு சபையார் இங்கு நிறுவிய திரு இருதயக் கல்லூரியும் அதன் இயற்கை அருங்காட்சியகமும், படைப்பை உற்றுநோக்கும் பழக்கத்தை இவ்வூருக்குத் தந்துள்ளன.

பாம்பு விலாங்குகளுள் ஒன்று, பிசோடோனோபிஸ் போரோ. கங்கை மீன்களைப் பற்றிய தமது நூலில் 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் இதனை விவரித்தார். கடலிலும் கழிமுகங்களிலும் வாழும் இது, நெல்வயல்களின் சேற்றிலும் வளை அமைக்கும். இதற்கு வால்துடுப்பு இல்லை, வால்நுனி கடினமானது. அந்நுனியால் சேற்றைத் துளைத்துப் பின்னோக்கி இறங்கும். தலையால் துளைக்கவும் வல்லது. ஆனால் வாலால் இறங்கும்போது, உடல் முழுவதும் மறைந்தபின்னும் அதன் முகம் வளையின் வாசலையே நோக்கியிருக்கும்.

என் மனைவி கர்த்தருக்குள் நித்திரையடைந்த ஆண்டில் நானும் அவ்வாறே மறைந்திருந்தேன். ஞாயிறு ஆராதனையை நடத்துவேன். பின்பு கதவைச் சாத்திக்கொள்வேன். போதகரே இப்படி ஒடுங்கிக் கிடப்பது அவிசுவாசம் அல்லவா என்று ஒருவர் கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை. சபையின் தாய் ஒருவரோ ஒன்றும் கேட்கவில்லை. மாலைதோறும் தூக்குவாளியில் கஞ்சியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார். அதை எடுப்பதற்காகவேனும் நாள்தோறும் நான் கதவைத் திறந்தேன்.

எலியாவை நினைத்துப் பாருங்கள். சாவை வேண்டிச் சூரைச்செடியின்கீழ்ப் படுத்தவனைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான். மீண்டும் உறங்கவும் விட்டான். பின்பு ஓரேபில், மெல்லிய சத்தத்தைக் கேட்ட எலியா தன் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு குகையின் வாசலில் வந்து நின்றான். ஆண்டவர் அங்கேயே அவனோடு பேசினார். முகத்தைத் திறந்துகொண்டு வா என்று அவர் கட்டளையிடவில்லை.

துயரத்தில் ஒளிந்துகொள்வது விசுவாசத்தின் முடிவன்று. உள்ளே இருக்கிறவர் வாசலை நோக்கியிருப்பாரானால், அதுவும் ஒரு ஜெபமே. வெளியே இருக்கிற நமக்கோ வேறொரு கடமை உண்டு. சேற்றைக் கிளறி எவரையும் வெளியே இழுக்க வேண்டாம். இவ்வாரம் ஆராதனைக்கு வராத ஒருவரின் வாசலுக்குச் செல்லுங்கள். கேள்வியோடு அல்ல, உணவோடு செல்லுங்கள்.

ஆண்டவரே, மறைந்திருப்போரின் முகங்களை நீர் அறிந்திருக்கிறீர். அவர்கள் கதவைத் திறக்கும்வரை வாசலில் காத்திருக்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். ஆமென்.