விழுந்தாலும் 2 நிமிடம்



விடுமுறைக்கு வந்த பேரன் 'டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர்' ஆடச் சொல்லிக் கொடுத்தான். 1999-இல் தொடங்கிய ஸ்கேட்போர்டு வீடியோ கேம் வரிசை அது. ஒரு சுற்றுக்கு 2 நிமிடம். தாவி, கம்பியில் சறுக்கி, வித்தைகளை விடாமல் கோத்தால் புள்ளிகள் பெருகும். நடுவில் விழுந்தால் அந்தக் கோவையின் புள்ளிகள்தான் போகும். முன்பு சேர்த்தவை அப்படியே இருக்கும். உடனே எழுந்து ஓடலாம். 'இன்னொரு வித்தையா, இதோடு போதுமா?' என்ற படபடப்பில்தான் சுவையே! எத்தனையோ முறை விழுந்தேன், வெட்கமே வரவில்லை.

கணக்கில் ஒரு படி தவறினால் முழுவதையும் சிவப்பு மையால் அடித்தவன் நான். உங்களில் சிலர் அதோடு கணக்கையே வெறுத்தீர்கள். முந்தைய படிகளுக்காவது மதிப்பெண் போட்டிருக்கலாம். மன்னியுங்கள்.