மடையும் வாய்க்காலும்

ஹந்தானை மலைச்சாரலில், தேயிலைத் தோட்டங்களினூடே ஏறிச் செல்லும் கற்பாதை ஒன்றில், 2005 ஆம் ஆண்டின் ஒரு காலைப்பொழுதில், எஞ்சின் ஒன்று என் கண்முன்னே அழிந்தது. அழிவதற்குச் சற்று முன்னர் அது எழுப்பிய ஒலியைப்போல் இனிய ஒலியை அதற்குமுன் ஒருநாளும் எழுப்பியதில்லை. அவ்வினிமையை வெற்றியென்று எண்ணி மகிழ்ந்தேன். பொறியியல் பயில்வோர்க்குப் பயன்படும் என்னும் நம்பிக்கையிலேயே அந்தப் பிழையை இங்கு எழுதத் துணிகின்றேன்.

அந்நாளில் நான் பேராதனையிலே பொறியியல் பீட மாணவன். கண்டியைச் சேர்ந்த சிங்கள நண்பர் ஒருவர் மண்பாதையிற் பந்தயமோடும் நான்கு சக்கர ஊர்தியொன்றை வைத்திருந்தார். 250 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் அது. ஈராண்டு ஊதியத்தின் பெரும்பகுதியை அதிலே இட்டிருந்தார். அதனைப் பெற்றோலுக்குப் பதிலாக மெதனோலில் ஓட்ட வேண்டுமென்பது அவருடைய ஆசை. கணக்கிட்டுத் தருவதாக வாக்களித்தவன் நான்.

அவருடைய ஆசையில் நியாயம் இருந்தது. வட்டப்பாதையிற் பந்தயமோடும் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள்கள் நெடுங்காலமாக மெதனோலையே உண்கின்றன. ஒரு கிலோகிராம் பெற்றோல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் வளி வேண்டும்; மெதனோலுக்கோ 6.4 போதும். நிறைக்கு நிறை பார்த்தால் மெதனோலின் வெப்பப் பெறுமானம் பெற்றோலினதில் பாதிக்கும் குறைவே. எனினும் அதே வளிக்கு இருமடங்குக்கு மேற்பட்ட எரிபொருளை ஊட்ட இயலுமாதலின், பலன் சற்றே கூடுகின்றது. அன்றியும் ஆவியாகும்போது மெதனோல் ஈர்க்கும் வெப்பம் மிகப் பெரிது. ஒரே அளவு வளியிற் கணக்கிட்டால் பெற்றோலைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு. உள்ளே வரும் வளி குளிர்ந்து செறிகின்றது, எஞ்சினும் குளிர்கின்றது, அமுக்க விகிதத்தையும் உயர்த்தலாம்.

ஆதலின் காபரேற்றரைத் தெரிவதே முதற் பணியாயிற்று. எரிபொருள் கனவளவில் 2.2 மடங்கு வேண்டும் என்பது கணக்கு. துவாரத்தின் பரப்பு அம்மடங்காகப் பெருகின், விட்டம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். பிரதான ஜெற்றை மட்டும் பெருக்குதல் போதாது. அக்சிலேற்றரின் முதற் காற்பகுதியைச் சிறு ஜெற்றும், நடுப்பகுதியை ஊசியும் அதன் குழாயும், இறுதிப் பகுதியைப் பிரதான ஜெற்றும் ஆளுகின்றன. மூன்றும் ஒன்றாகப் பெருக வேண்டும். இவற்றுக்கு இடந்தரும் பெரிய காபரேற்றர் ஒன்றைத் தெரிந்தோம். நாகத்தையும் அலுமினியத்தையும் சிலவகை இறப்பர்களையும் மெதனோல் அரிக்குமாதலின், ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் பெற்றோலினால் அதனைக் கழுவினோம். அது கொடிய நஞ்சு. சிறிதளவே கண்ணைப் பறிக்கும். அதன் சுவாலை பகலொளியிற் கண்ணுக்குத் தெரியாது. 1981 ஆம் ஆண்டு இந்தியானாபொலிஸ் பந்தயத்திலே றிக் மியர்ஸ் என்னும் ஓட்டுநர் தீப்பற்றியபோது, சுற்றி நின்றவர்களுக்குச் சுவாலையே தெரியவில்லை. எனவே நீர் நிறைந்த வாளிகளை எப்போதும் அருகில் வைத்திருந்தோம்.

ஓர் இடர் எஞ்சியது. குளிரிலே மெதனோல் எளிதில் ஆவியாகாது. ஹந்தானையின் பனிமூடிய காலைகளில் எஞ்சின் உயிர்பெற மறுத்தது. அப்போது என் தந்தையாரின் சிறுபோத்தல் நினைவுக்கு வந்தது.

1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அரிதாய்க் கிடைத்த மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிள்கள் ஓடின. அதுவும் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. சிறுபோத்தலில் காத்து வைத்த பெற்றோலிற் சில துளிகளை விட்டு உயிர்ப்பித்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தந்தையார் ஒரு சிறு கராச் வைத்திருந்தார், அவ்வித்தையில் வல்லவர். ஓரிரவு காய்ச்சலிற் கிடந்த என் தங்கையை ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றோம். தாயார் பிள்ளையுடன் உள்ளே ஓடினார், தந்தையார் இறங்கவில்லை. போத்தலில் பெற்றோல் தீர்ந்திருந்தது. எஞ்சினை நிறுத்தினால் மீண்டும் உயிர்ப்பிக்க வழியில்லை. விடியும்வரை வாசலிலேயே அதனை ஓடவிட்டபடி, அதன் ஒலியைக் கேட்டுக்கொண்டே அமர்ந்திருந்தார். எட்டு வயதினனாகிய நான் அவர் முதுகிற் சாய்ந்து உறங்கிப்போனேன்.

அவ்வித்தையையே ஹந்தானையில் நான் கையாண்டேன், எஞ்சின் எழுந்தது. குறுகிய ஓட்டங்களிற் சற்றுத் தடுமாறியது. கலவை செறிவாயிருந்தமையே காரணம் என்று அறிந்திருந்தேன். மெதனோலில் செறிவு பிழையன்று, காவல். பின்னர் நீண்ட ஏற்றத்தில் முழுவிசையுடன் செலுத்தினோம். ஏற ஏறத் தடுமாற்றம் நீங்கி ஒலி தெளிந்தது, இனித்தது. நண்பர் கையுயர்த்தி ஆரவாரித்தார். அடுத்த வளைவுக்குள் ஒரு வெடிப்பொலி, அதன்பின் அமைதி. கழற்றிப் பார்த்தபோது பிஸ்டனின் நடுவே உருகிய துளையொன்று இருந்தது. நண்பர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது கடிதலினும் கொடிதாயிருந்தது. இரவு முழுதும் கணக்கை மீண்டும் மீண்டும் போட்டேன். அதிற் பிழையில்லை.

2002 இன் போர்நிறுத்தத்தின் பின் ஏ-9 பாதை திறந்திருந்த காலம் அது. என்னைக் காணத் தந்தையார் பேருந்தேறி வந்தார். நண்பருடைய கொட்டகைக்கு அவரை அழைத்துச் சென்றேன். பிஸ்டனை நெடுநேரம் விரல்களால் தடவிப் பார்த்தார். பின்பு காபரேற்றரின் தொட்டியைக் கழற்றச் சொல்லி, மிதவை தொங்க, கீழே ஓர் அளவுப் போத்தலைப் பிடித்து, என் கைக்கடிகாரத்தைக் கேட்டார். முழுவிசையில் அந்த எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 200 மில்லிலீற்றருக்கு மேல் மெதனோல் வேண்டும். மிதவையின் ஊசி வால்வினூடாக ஒரு நிமிடத்தில் 150 கூட வடியவில்லை.

“மடையைப் பெருசாக்கிப் போட்டாய், தம்பி. வாய்க்கால் பழசுதானே?” என்றார்.

ஜெற் என்னும் மடையை நான் அகலித்தேன். தொட்டிக்கு நீர் கொணரும் வாய்க்காலை மறந்தேன். குறுகிய ஓட்டங்களில் தொட்டியின் இருப்பு போதியதாயிருந்தது. நீண்ட ஏற்றத்திலோ தொட்டி மெல்ல வற்றியது. வற்ற வற்றச் செறிந்த கலவை மெலிந்து, சரியான விகிதத்தைக் கடந்து, அதற்கும் கீழே சென்றது. கடந்த அக்கணத்தின் ஒலியே நான் கேட்ட இனிமை. மெலிந்த கலவை வெப்பத்தை ஏற்ற, சூடேறிய ஓரிடத்தில் மெதனோல் தீப்பொறிக்கு முன்னரே தானே பற்றிக்கொண்டது, பிஸ்டன் உருகியது.

பெரிய ஊசி வால்வையும் அகன்ற குழாயையும் இட்டோம். புதிய பிஸ்டனுக்கான பணத்தில் ஒரு பகுதியைத் தந்தையார் தம் மடியிலிருந்து எடுத்து நண்பரின் கையில் வைத்தார். நண்பருக்குத் தமிழ் தெரியாது. தந்தையாருக்குச் சிங்களம் தெரியாது. இருவரும் அந்த மாலை முழுதும் எஞ்சினின் இருபுறமும் அமர்ந்து, கையாலும் தலையசைப்பாலும் உரையாடினர். இடையே என்னிடம், “இது எதுக்கு ஓடுறது?” என்று கேட்டார். பந்தயத்துக்கு என்றேன். சற்றுப் பேசாதிருந்தார். ஆசுபத்திரி வாசலை நினைத்தாரோ, அறியேன். பின்பு சிரித்து, “ஓடட்டும், நல்லா ஓடட்டும்” என்றார்.

மறுவாரம் அதே ஏற்றத்தில் ஊர்தி உச்சிவரை சென்றது. தந்தையார் பாதையோரத்தில் கண்களை மூடி நின்று அதன் ஒலியைக் கேட்டார். போட்டியிலே நண்பருக்கு இடமெதுவும் கிடைக்கவில்லை; எஞ்சின் மட்டும் கெடாமல் வீடு திரும்பியது.

இன்று புதிய ஊர்திகளிற் காபரேற்றர் அருகிவிட்டது. எரிபொருளைக் கணினி அளந்து ஊட்டுகின்றது. எனினும் வாய்க்கால் குறுகின் கணினியும் வற்றிய தொட்டியையே அளக்கும். விரிவுரையாளனாகிய பின், மாணவர் கணக்கைச் சரியாகப் போட்டு வந்து காட்டும்போது பாராட்டுகின்றேன். பாராட்டிய பின் ஓர் அளவுப் போத்தலையும் கடிகாரத்தையும் கையிற் கொடுத்து, ஒரு நிமிடத்தில் எவ்வளவு வருகின்றதென்று பார்த்து வரும்படி அனுப்புகின்றேன்.